ராஜாவுக்கு விஷம்

தம்பானூரிலிருந்து வித்துரா போகும் பஸ்ஸில், எனக்குப் பின்சீட்டில் ஓர் இளம் தம்பதி.

“எங்கப்பாவுக்கு ஏன் விஷம் வச்சே?” என்றாள் அவள். டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்த கண்டக்டர் அப்படியே நின்றுவிட்டார்.

“அந்த ராஜா உசிரோட இருந்தா நம்ம கல்யாணம் நடக்காதே.”

“ரெண்டு பேரும் சேர்ந்து உண்டாக்கின கதை. என்னைக் கேக்காம கொன்னுட்டே. இனிமே உன்னோட கேம் ஆட மாட்டேன், கேட்டோ!”

விஷயம் விளங்கியதும் கண்டக்டர் சிரித்துக்கொண்டே நகர்ந்தார்.

“தப்புதான். சேவ் பண்ணின இடத்திலேர்ந்து மறுபடி ஆடலாம். ராஜாகிட்ட நேராப் போய்ப் பொண்ணு கேக்கறேன்.”

“வாளைத் தூக்கிண்டு வருவார்.”

என் பக்கத்தில் கண்மூடி உட்கார்ந்திருந்த பெரியவர் பின்னால் திரும்பினார். “ஏன் மாப்ளே, நீங்க எங்காத்துக்கு வந்து பொண்ணு கேட்டப்போ நான் வாளையா தூக்கினேன்?”

“இல்லைப்பா. ஒரு மணி நேரம் வாயைத் திறக்காம உக்காந்திருந்தேள்,” என்றாள் மகள்.

“அதுக்கு வாளே தேவலை,” என்றான் மாப்பிள்ளை.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “சரி, சாயங்காலம் ஆடலாம். ஆனா எங்கப்பாவைத் தொடப்படாது.”