வெயிலில் பூ நிற்கும் பீன்ஸ்

கடிகாரத்தை ஒரு கண்ணாலும் என்னை ஒரு கண்ணாலும் கவனித்துக்கொண்டிருக்கும் அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையை முழுதாய் நிறைத்திருக்கும் மூத்தோரே, மண்ணையும் மக்களையும் சலிக்காமல் வளர்க்கும் தாய்மார்களே, வாசலோரம் நின்று கேட்கும் வளரும் தலைமுறையே, உங்கள் அனைவருக்கும் இந்த விதை ஆராய்ச்சிக்காரியின் வணக்கம்.

எங்கள் நிலையத்தில் ஒரு குளிர் அறை உண்டு. கறுப்பு, சிவப்பு, புள்ளி போட்டது, பொடிசானது என்று எத்தனையோ பீன்ஸ் விதைகள் அங்கே புட்டிகளில் தூங்குகின்றன. உள்ளே போனால் எனக்கு ஒரு மயக்கம் வரும். ஒன்று பனியைக் கனவு காண்கிறதோ? ஒன்று பாறையைக் கனவு காண்கிறதோ? ஒன்று வெயிலைக் கனவு காண்கிறதோ? சம்பளம் வாங்கிக்கொண்டு கனவு காண்கிறாள் என்று பின்வரிசையில் ஒருவர் சொல்வது கேட்கிறது. உண்மைதான் ஐயா.

என் அண்ணன் வெயில் கொளுத்தும் சமவெளியில் பீன்ஸ் போடுகிறவர். பருத்த காய் ரகம்தான் போடுவார். செடி செழிக்கும், பூ சிரிக்கும், அனல் காற்று அடித்ததும் அத்தனையும் உதிரும். கோடைக்குக் கோடை இதே கதை. நிலத்தை விட்டுவிட்டு நகரத்தில் காவல் வேலைக்குப் போவதாகச் சொல்லத் தொடங்கிவிட்டார்.

குளிர் அறையிலிருந்து பல விதைகளைக் கொண்டுபோய் அவர் வயலில் ஊன்றினேன். காய் பிடிக்கும் காலத்தில் போய்ப் பார்த்தால், வயல் முழுக்க ஒரே உயரம், ஒரே இலை. மாறுபட்ட செடியைக் கலப்பென்று பிடுங்கி எறியச் சொல்லி எங்கள் நிலையம் ஊர் ஊராகப் பாடம் நடத்தியதே, அந்தப் பாடத்தில் முதல் மாணவர் என் அண்ணன். நான் தேடிய வேற்றுமையை வேரோடு பிடுங்கிவிட்டு, பாராட்டுக்காகக் காத்து நிற்கிறார். அழுவதா, சிரிப்பதா?

அண்ணி என்னை வயலோரத் துணி துவைக்கும் கல்லுக்கு அழைத்துப்போனார். துணி காயப்போடும் கம்பத்தில் ஒல்லியாய் ஒரு பீன்ஸ் கொடி, நான் ஊன்றியதில் தப்பிய ஒன்று.

"துவைக்கிறப்ப நிழலா இருக்கட்டுமேன்னு இதை மட்டும் பிடுங்க விடல" என்றார்.

வயலெங்கும் பூ உதிர்ந்து கிடக்க, அதில் மட்டும் காய். துவைத்த தண்ணீர்தான் காரணமோ என்று மறுகோடையில் நட்டநடு வயலில் விதைத்துப் பார்த்தேன். அங்கும் காய்த்தது. ஆனால் பொடிக் காய், சந்தையில் சீந்துவாரில்லை. ஆகவே பருத்த காய் ரகத்தின் விரியாத மொட்டை மெல்லத் திறந்து, இந்தக் கொடியின் மகரந்தத்தைத் தொட்டு வைத்தேன். பிறந்த பிள்ளைகளை நிலையத்தின் சொகுசு மண்ணில் வளர்க்கவில்லை. அண்ணனின் அனல் மண்ணில் விதைத்தேன், தேறியதைத் தேர்ந்தேன், தேர்ந்ததை மீண்டும் விதைத்தேன். ஆண்டுகள் ஓடின. அண்ணனின் பொறுமையும் ஓடியது. இதுதான் கடைசி விதைப்பு என்று சொல்லிப் பெட்டியும் கட்டிவிட்டார்.

இந்தக் கோடையில் அனல் அடித்த மறுநாள் போன் வந்தது.

"பூ நிக்குது. வந்து பாரு" என்றார் அண்ணன். நான் அழுதுவிட்டேன்.

மலையிலிருந்து வந்தவர்களே, அந்த விதையை எங்களுக்கும் கொடு என்கிறீர்கள். கொடுக்க மாட்டேன். உங்கள் பனியில் அது அழுகிப்போகும். உங்களுக்கான விதையை உங்கள் மண்ணில்தான் தேட வேண்டும். வேற்றுமையை வீசிவிட்டால் எங்கே தேடுவோம்? எது உயர்ந்த விதை என்று கேட்காதீர்கள், எந்த மண்ணுக்கு எந்த விதை என்று கேளுங்கள்.

அண்ணனையும் இந்த மேடைக்கு அழைத்திருந்தோம். வரவில்லை. அவர் காய் பறித்துக்கொண்டிருக்கிறார்.

செவி தந்த சபைக்கு நன்றி. வயலுக்குத் திரும்பும் கைகளுக்கெல்லாம் என் வணக்கம்.