சிவரூபனின் பின்சில்லு

உங்களுக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது என்று சொன்னபோது நான் சிரித்தது பிழைதான், ஐயா. யாழ்ப்பாணத்தில் பொலிஸ் வேலை பார்க்கும் ஒருவர் அப்படியும் இருப்பார் என்று நான் எண்ணவில்லை. தேநீரைக் குடியுங்கள், ஆறிவிடும். உங்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன்.

எங்கள் உள்ளரங்கில், சரிந்த மரத்தடத்தில் ஓடும் சைக்கிள்களுக்குப் பிறேக் கிடையாது. சில்லு சுற்றும்வரை மிதியும் சுற்றும். வேகத்தைக் குறைக்கக் காலால்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அந்தச் சைக்கிள்களைப் பராமரிப்பது என் வேலை.

என் தம்பி செந்தூரன் கெட்டிக்காரன். என்ன, எப்போதும் இரண்டாவதாக வருவான். முதலாவது உரும்பிராய்ச் சிவரூபன். "என்ன தேவராசா, உன்ரை தம்பி சிவரூபன்ரை முதுகைப் பாடமாக்கிப் போட்டான்போல" என்று எங்கள் ஊர் உடுப்பிட்டியில் எல்லாரும் பகிடி பண்ணுவார்கள். தம்பியும் சேர்ந்து சிரிப்பான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். இந்த முறை முதலாவதாக வருபவருக்கு மட்டும் வெளிநாட்டுப் போட்டி என்றார்கள்.

சிவரூபன்மேல் எனக்குக் கோபமே இல்லை. தங்கமான பிள்ளை. தொடக்கக் கோட்டில் சைக்கிள் சரியாமல் சீற்றைப் பிடிக்க நான்தான் வரவேண்டும் என்று நிற்பான். "அண்ணை, நீங்கள் பிடிச்சால்தான் எனக்குப் பயமில்லை" என்பான். போட்டியன்று அவன் தண்ணீர் குடிக்கப் போன நேரம், அவனுடைய பின்சில்லைக் கழற்றிவிட்டு, வீதிச் சைக்கிள்போலப் பிறீவீல் பூட்டிய சில்லைப் போட்டேன். அதில் மிதியை நிறுத்தினாலும் சில்லு ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் பழகும்போது அது வசதியாக இருக்கும், ஐயா. பிறகு வழக்கம்போலச் சீற்றைப் பிடித்து அவனை அனுப்பிவைத்தேன்.

சில சுற்றுகள் நன்றாகவே ஓடினான். முன்னால் போனவன் வேகத்தைக் குறைத்தான். சிவரூபனும் காலை இறுக்கினான். கால் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. முன்னவனில் முட்டி, சரிவின் மேல்விளிம்பைத் தாண்டிச் சீமெந்துத் தரையில் விழுந்தான்.

கால் முறியும் என்று மட்டும்தான் நினைத்தேன் என்றால் எழுதிக்கொள்வீர்கள். அது பொய். அந்த வேகத்தில் என்ன நடக்கும் என்று தெரிந்துதான் செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. எனக்கும் கவலைதான். செத்தவீட்டில் கதிரை போட்டதும் நான்தான்.

பிறகு மீண்டும் போட்டி வைத்தார்கள். செந்தூரன் முதலாவது. அன்றே என் கட்டிலுக்கடியில், நான் கழற்றி ஒளித்த சிவரூபனின் சில்லைக் கண்டானாம். உங்களிடம் கொண்டுவந்து தந்தவனும் அவனாம். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதில்லை.

முதலாவதாக வந்த கூச்சம்தான், ஐயா. சின்ன வயதிலிருந்தே அவன் அப்படி.