நிறைவூரில் உடைக்கக் கூடாத சுவர்

திருச்சுழிப் பக்கத்து வெயிலுக்குக் கான்கிரீட் கூரை ஆகாது. மண்கல்லை அடுக்கிக் கூரையை வளைவாக எழுப்பினால் சித்திரையிலும் உள்ளே குளுமையாக இருக்கும். நிறைவூர் வீடுகளை நான் அப்படித்தான் கட்டினேன். எல்லா வீடும் ஒரே அளவு. வேலி கிடையாது, பெரியவன் சின்னவன் கிடையாது. வயல்காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பங்களுக்குச் சும்மாவே கொடுத்தோம்.

குடிவந்த கையோடு இடிக்கவும் ஒட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். ஐயாத்துரை ஆட்டுக்குத் தகரக் கொட்டகை இறக்கினார். ஒச்சம்மாள் சன்னலை அடைத்துச் சாமிமாடம் வைத்தாள். சிரித்த முகமாகத்தான் சொல்லிப் பார்த்தேன். அவர்களும் சிரித்த முகமாகத் தலையாட்டிவிட்டு வேறொன்றில் கை வைத்தார்கள். நான் ஒவ்வொன்றையும் வீட்டு வரைபடத்தில் சிவப்பில் குறித்து வைத்தேன்.

ஆடியில், அங்கே குடியிருந்த பொன்னுத்தாய் இறந்தார். மகன் காளீஸ்வரன் என்னிடம் வந்து நின்றான்.

"ஆத்தா அடைப்பு நாள்ல, ஆகாத நட்சத்திரத்துல போயிட்டாக சார். வாசல் வழியாத் தூக்குனா வீட்டுக்கு ஆகாது. செவத்த ஒடச்சுத்தான் கொண்டு போகணும். எங்கன ஒடைக்கலாம்னு நீங்களே காட்டிருங்க."

முன்சுவரும் பின்சுவரும் பாரம் தாங்குபவை அல்ல. பின்சுவரில் ஆள் நுழையும் அளவு உடைத்தாலும் வீடு அசையாது. கூரையைத் தாங்குவது பக்கச் சுவர்கள்தான். நான் பக்கச் சுவரின் நடுவில் சுண்ணாம்புக் கட்டியால் கட்டம் போட்டேன். ஒரு வீடு போனால் மற்ற வீடுகள் பிழைக்கும் என்று தோன்றியது.

காளீஸ்வரனின் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்கு அனுப்பச் சொன்னேன். அந்த ஈரம் எனக்கு உண்டு, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் மனைவி தங்கமாரியையும் கூப்பிட்டேன்.

"அத்தையத் தனியா விட்டுட்டு வரக்கூடாது சார்," என்று பிணத்தின் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தாள். நான் மறுபடி கூப்பிடவில்லை.

காளீஸ்வரன் உள்ளேயிருந்து கடப்பாரையை ஓங்கினான். "இங்கனதானே சார்?" என்று கேட்டுக்கொண்டான். ஆமாம் என்றேன். கட்டத்தில் பாதி பெயர்ந்ததும் கூரை மொத்தமாக இறங்கியது. புருஷனும் பெண்டாட்டியும் அடியில் போனார்கள்.

கட்டடம் பலமில்லாமல் விழுந்தது என்று விசாரணைக்கு வந்த உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. என் வளைவு தானாக விழாது. நான்தான் விழ வைத்தேன்.

இப்போது நிறைவூரில் யாரும் சுவரைத் தொடுவதில்லை. கொட்டகையைக்கூடப் பிரித்துவிட்டார்கள். என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார்கள். நான் ஆசைப்பட்ட ஊர் இதுதான்.

அந்தப் பிள்ளைகளுக்கு அதே இடத்தில் புது வீடு வரைந்து வைத்திருக்கிறேன். பின்சுவரில் பிணம் போக ஒரு வாசல் விட்டிருக்கிறேன். பெரியவர்களானதும் அவர்கள் எனக்கு நன்றி சொல்வார்கள்.