அப்பாவின் முந்நூற்றைம்பது

புதிதாக வண்டி பிரிப்பவன் கழற்றிய நட்டு, போல்ட்டு எல்லாவற்றையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டுவைப்பான். என் மருமகன் டோபியும் அதைத்தான் செய்தான். எது எங்கே போகும் என்று கேட்டு அடிக்கடி வந்து நிற்பான். நானும் சொல்லிக்கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜென்ட். நான் யாரிடமும் மரியாதைக் குறைவாக நடந்துகொண்டதில்லை.

அவன் ஆக்லாந்துக்காரன். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தான். ஸ்பானரைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடிப்பான். என் மகள் கிர்ஸ்டி அப்படி ஒருவனைத்தான் கட்டிக்கொண்டு வந்தாள்.

அந்த மோட்டார் சைக்கிள் என் அப்பா ஆர்ச்சி டல்கிளிஷுடையது. ஐம்பத்து மூன்றாம் வருடக் கடற்கரைப் பந்தயத்தில், முந்நூற்றைம்பது சிசி பிரிவில் முதலாவதாக வந்தார். எங்கள் மோட்டார் சைக்கிள் கிளப் சுவரில் உள்ள வெற்றியாளர் பலகையில் முதல் பெயர் அவருடையது. அந்தப் பலகைக்குக் கீழேதான் நான் பல வருடம் தலைவராக உட்கார்ந்திருந்தேன். இந்த ஊரில் ஒரு டல்கிளிஷ் வாயால் சொன்னால் போதும், கையெழுத்து கேட்கமாட்டார்கள்.

கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த அந்த வண்டியை டோபி புதுப்பிக்க ஆசைப்படுகிறான் என்று சொல்லி கிர்ஸ்டி கேட்டாள். ஒரு மாதத்தில் அலுத்துப்போய்த் திருப்பித் தருவான் என்று எண்ணிக் கொடுத்தேன். முட்டாள்களுக்கு அலுப்பு வருவதில்லை என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

எங்கள் கிளப்பில் யாராக இருந்தாலும் ஆர்ச்சியின் எஞ்சினைத் துடைத்து, எண்ணெய் போட்டு, மூடியிருப்பான். அளந்து பார்க்கத் துணியமாட்டான். இவன் அளந்தான்.

என் சமையலறையில் சீஸ் ரோலைக் கடித்துக்கொண்டே சொன்னான். "மாமா, ஒரு கூத்தைக் கேளுங்க. இது முந்நூத்தம்பதே இல்ல. நானூத்தி நாப்பது சிசி வருது. பெரிய எஞ்சின வச்சு சின்னப் பிரிவுல ஜெயிச்சிருக்காரு, தாத்தா செம கேடிங்க!"

"நீ அளந்த லட்சணம்," என்றாள் கிர்ஸ்டி.

"மூணு தடவ அளந்துட்டேன்மா. வெளிய பாத்தா சாது, உள்ள பூதம்."

இருவரும் சிரித்தார்கள். அப்பா சாப்பிட்ட மேசையில் உட்கார்ந்துகொண்டு. அவர் அந்தப் பெரிய சிலிண்டரை மாட்டியபோது விளக்குப் பிடித்தவன் நான். அதைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் பேசியதில்லை, சிரித்ததும் இல்லை.

"உனக்கு அளக்கத் தெரியல," என்றேன். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"இன்னும் இல்ல மாமா."

'இன்னும்' என்றான். நீங்களும் குடும்பஸ்தர், உங்களுக்குப் புரியும்.

குளிர்காலம் முடிந்தபோது வண்டியும் முடிந்தது. டாங்கில் பெயின்ட் வழிந்திருந்தது. முதல் ஓட்டத்துக்கு முன் என்னிடம் கொண்டுவந்தான். "நீங்க ஒரு தடவ பாத்துட்டா எனக்குத் தைரியம் மாமா," என்றான். அவன் டீ குடிக்க உள்ளே போனான். முன்சக்கர அச்சின் நட்டு கழலாமல் பிடித்திருக்கும் சிறு பின்னை உருவினேன். நட்டையும் தளர்த்தினேன். என் கோட்டுப் பையில் நீங்கள் எடுத்தது அந்தப் பின்தான்.

ஹெல்மெட்டோடு திரும்பி வந்தான். "மாமா, அந்த சிலிண்டர் விஷயமா ஒண்ணு சொல்லணும். கேட்டா சந்தோஷப்படுவீங்க."

"ஓட்டிட்டு வந்து சொல்லுப்பா," என்றேன். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. நல்லா முறுக்கிப் பாரு."

துறைமுகத்துக்கு இறங்கும் வளைவு வரை சத்தம் வாசலுக்குக் கேட்டது. பிறகு கேட்கவில்லை. நான் உள்ளே போய் டீக் கோப்பைகளைக் கழுவினேன்.

நேற்று கிர்ஸ்டி இங்கே வந்தாள். உட்காரவில்லை. "தாத்தா பேரு கெடக்கூடாதுன்னு குளிர்காலம் பூரா அலைஞ்சு, சரியான அளவுல சிலிண்டர் தேடிப் பிடிச்சு மாட்டினான்பா. பழசைக் கடல்ல வீசிட்டான். அதைத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தான்," என்றாள். அழுதாள். காவல் நிலையத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் யாரும் அழுததில்லை.

உங்கள் ஆள் எஞ்சினைப் பிரித்து அளந்ததாகச் சொன்னீர்கள். முந்நூற்று நாற்பத்தெட்டு. பந்தய விதிக்கு உட்பட்ட அளவு. பின்னை உருவியது நான்தான், அவனைக் கொன்றதும் நான்தான். மறுக்கவில்லை, கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் ஆர்ச்சி டல்கிளிஷின் வண்டியை அளந்து பார்த்தார்கள், சரியாக இருந்தது என்பதை முதல் வரியில் எழுதுங்கள். அந்தப் பையனுக்கு அளக்கத் தெரியவில்லை என்று நான் அன்றைக்கே சொன்னேன்.