பிள்ளைப் போர்வை

புரோத்ராபூரில் துணி காயப்போட வருஷத்தில் நாலு மாதம்தான் லாயக்கு. மற்ற மாதங்களில் காலையில் கொடியில் போட்ட சேலையைச் சாயங்காலம் எடுத்தால், போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருக்கும். கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஓர் ஆனி மாதம் இங்கே இருந்து பார்த்தபிறகு சிரிக்க மாட்டார்கள்.

இதை முதலில் எழுதக் காரணம் இருக்கிறது. நேற்று போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்து நான் விஷயத்தைச் சொன்னதும் நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் போர்வைய ஏம்மா துவைக்காம பிள்ளைக்குப் போட்டீங்க?" என்பதுதான். மழை என்று சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். அப்புறம் காகிதம் கொடுத்து, நடந்ததை முழுசாக எழுதிக்கொண்டு வரச் சொன்னீர்கள். நான் சாத்தூரில் எட்டாவதுவரை படித்தவள், எழுத்து கோணாது. உங்கள் பெரிய அதிகாரி சாப்புக்கு நீங்களே இந்தியில் படித்துச் சொல்லிவிடுங்கள்.

என் பெயர் அலமு. வயது முப்பத்தொன்பது. வீட்டுக்காரர் ஜெகநாதன் சாலை போடும் வேலையில் மேஸ்திரி. மாதத்தில் மூன்று வாரம் ரங்கத் பக்கம் காட்டில் இருப்பார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. யாராவது கேட்பதற்குள் நானே இதைச் சொல்லிவிடுவது என் பழக்கம். கேட்கிறவர்களுக்கும் சங்கடம் மிச்சம்.

பிள்ளை இல்லாத வீட்டில் கைக்கு வேலை வேண்டுமே. நான் போர்வை தைப்பேன். பழைய சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரத்தைப் பாதி விரலுக்கு மடித்து, நெருக்கமாக ஓட்டத் தையல் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஒன்று முடிய இரண்டு மாதம் ஆகும். எங்கள் குடும்பத்தில் என் கைப்போர்வை இல்லாத கட்டில் கிடையாது. சந்தேகம் இருந்தால் என் நாத்தனார் பொன்னம்மா இருக்கிற திக்லிபூர்வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆனால் நீங்கள் கேட்கிற போர்வை நான் தைத்ததில்லை. அதற்குப் பெயர் பிள்ளைப் போர்வை. என் மாமியார் அதைக் கப்பலில் தோளில் போட்டுக்கொண்டே வந்தார். குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட, பிறந்த பெண்கள் எல்லாருடைய சேலையிலும் ஒரு துண்டு அதில் உண்டு. யாருக்குப் பேறுகாலமோ அவள் வீட்டுக்கு அது போகும், பிள்ளையும் தாயும் அதில் படுப்பார்கள், பிறகு மூத்த மருமகளிடம் திரும்பிவரும். அவள்தான் அதைச் சலவைச் சோடா போட்டு அவித்து, மூன்று வெயில் காயவைத்து, புதுத் துண்டு ஒன்று வைத்துத் தைத்து எடுத்துவைக்க வேண்டும். வேறு யாரும் அதைத் தண்ணீரில் போடக் கூடாது. கிழிந்தாலும் எரிந்தாலும் அதை என்ன செய்வதென்று மூத்தவள்தான் சொல்ல வேண்டும். மாமியார் செத்தபிறகு மூத்தவள் நான். பதினாறு வருஷம் என் டிரங்குப் பெட்டியில் அது இருந்தது. ஒரு நாள்கூட என் மேல் கிடந்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் என் கொழுந்தன் பன்னீர்செல்வம் தன் சம்சாரம் நீலாவதியைக் கொண்டுவந்து என் வீட்டில் விட்டார். அவருக்கு மரக் காண்டிராக்டர் ஒருவரிடம் கணக்கப்பிள்ளை வேலை. காட்டு முகாமில் பெண்பிள்ளையை வைத்துக்கொள்ள முடியாது. நீலாவதி என் வீட்டில்தான் பெற்றாள். பெண் குழந்தை. ஜெயமணி என்று பெயர் வைத்தோம். பெற்று எழுந்த மூன்றாம் நாள், பிள்ளையை என் மடியில் போட்டு நீலாவதி சொன்னாள்.

"அக்கா, இது ஒங்க பிள்ளை. நான் பெத்ததோட சரி."

வீட்டில் பெண்கள் இப்படிச் சொல்வது வழக்கம்தான். ஒன்றும் தெரியாதவள் போல எழுதவில்லை. ஆனால் குளிப்பாட்டியது நான், குழையப் பிசைந்து ஊட்டியது நான், மாந்தம் வந்தபோது உட்கார்ந்து கிடந்ததும் நான். நீலாவதி நல்லவள், கொஞ்சம் சோம்பேறி, அவ்வளவுதான். ஜெயமணி என்னை அம்மா என்றாள், அவளைச் சின்னம்மா என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டேன். திருத்தவில்லை.

போன வருஷம் ஆடி மாதம் பன்னீர்செல்வம் சிரித்த முகத்தோடு வந்தார். தூத்துக்குடியில் உப்புக் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாம். அபர்டீன் பஜாரில் பிள்ளைக்குச் செருப்புகூட வாங்கிவந்திருந்தார்.

"ஆவணி கடைசியில ஜஹாஸ் மதினி. கப்பல் டிக்கெட் எடுத்தாச்சு. ஒண்ணாந்தேதிக்குள்ள போய்ச் சேரலைன்னா அந்த வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவானாம்."

"பிள்ளை?" என்றேன்.

"பிள்ளை என்ன மதினி? பிள்ளையும்தான்."

அவர் தவறாக ஒன்றும் சொல்லவில்லை. பெற்றவர் கூட்டிப்போகிறார். எந்தப் பஞ்சாயத்தில் போய் நான் என்ன சொல்ல முடியும்? அன்றைக்கு ராத்திரிச் சோறு எல்லாருக்கும் போட்டேன். நீலாவதி, "அக்கா, நீங்களும் ஒரு வருசம் கழிச்சு வந்துருங்க" என்றாள். இந்தத் தீவிலிருந்து யார் ஒரு வருஷம் கழித்து வந்திருக்கிறார்கள்? போகிறவர்கள் ஒரு கடிதம் போடுவார்கள், இரண்டு போடுவார்கள், பிறகு பொங்கலுக்கு மட்டும் போடுவார்கள். நான் அழுதேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அடுப்புப் புகை என்று அவர்களிடம் சொன்னேன்.

கப்பலுக்குப் பத்து நாள் இருக்கும்போது திக்லிபூரிலிருந்து ஒரு சாக்கு மூட்டை வந்தது. பிள்ளைப் போர்வை. பொன்னம்மாவுக்கு நாலாவது பேறு என்று வைகாசியில்தான் அங்கே அனுப்பியிருந்தேன். மூட்டைக்குள் ஒரு கடிதமும் இருந்தது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் இருப்பது இதுதான்: பொன்னம்மாவின் மூன்றாம் பிள்ளை, பையன், தொண்டையில் வெள்ளை படிகிற அடைப்பான் நோய் வந்து செத்துவிட்டான். அவன் கிடந்த படுக்கையை எல்லாம் எரிக்கச் சொல்லிவிட்டார் கம்பவுண்டர். பாயை எரித்தாள், தலையணையை எரித்தாள். போர்வையை எரிக்க அவளுக்குக் கை வரவில்லை.

"அம்மா சேலையும் இதுல இருக்கு மதினி. நீங்க மூத்தவங்க. அவிக்கிறதானாலும் எரிக்கிறதானாலும் ஒங்க கையால செய்யுங்க. பிள்ளை இருக்கிற வீடு, மூட்டைய வெளியவே வச்சுப் பிரிங்க. பெரியவளுக்கும் தொண்டை புண்ணாச்சு, அவளுக்குத் தானா ஆறிப்போச்சு."

கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. கப்பல் ஏறப் போகிறவர்களிடம் சாவுச் செய்தி சொல்லக் கூடாது என்று நினைத்தேன். அது நியாயம்தானே. மூட்டையை மாட்டுக் கொட்டகைப் பரணில் போட்டேன். பிள்ளை பக்கம் கொண்டுபோகவில்லை. வெயில் வரட்டும், அவிக்கலாம் என்று இருந்தேன். இதுவரை நேற்று உங்களிடம் சொன்னதுதான்.

நேற்றுச் சொல்லாததை இனி எழுதுகிறேன்.

கப்பலுக்கு ஐந்து நாள் முன்பு மழை விட்டது. மூன்று நாள் நல்ல வெயில். ஆவணியில் அப்படி ஒரு வெயிலை நான் இங்கே பார்த்ததில்லை. விறகு காய்ந்திருந்தது, சோடா டப்பா நிறைய இருந்தது, அண்டாவும் காலியாகத்தான் இருந்தது. முதல் நாள் நண்பகலில் பரணிலிருந்து போர்வையை எடுத்தேன். அவிக்கத்தான் எடுத்தேன் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கப்பல்துறை ஜெட்டியில் ஏறும்போது ஒரு டாக்டர் நிற்பார். பிள்ளைகளின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார், வாயைத் திறக்கச் சொல்லுவார். காய்ச்சல் இருந்தால் கப்பல் ஏற விடமாட்டார். அடுத்த கப்பலுக்கு ஒரு மாதம் ஆகும். அதற்குள் ஒண்ணாந்தேதி தாண்டிவிடும், உப்புக் கம்பெனி வேலை வேறு ஆளுக்குப் போய்விடும். எனக்கு வேண்டியது ஒரு சின்னக் காய்ச்சல். பொன்னம்மாவின் பெரியவளுக்கு வந்து தானாக ஆறிப்போனதே, அப்படி ஒன்று. இரண்டு பிள்ளைகளுக்கு வந்ததில் ஒன்று பிழைத்திருந்தது. பிழைத்ததை மட்டும் நான் நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாளும் மதியச் சோறு ஊட்டி, அந்தப் போர்வையைப் போர்த்தித் தூங்கவைத்தேன். ஓரத்தில் ஒரு மஞ்சள் சுங்குடித் துண்டு உண்டு, என் கல்யாணச் சேலையிலிருந்து வெட்டியது. ஜெயமணி தூங்கும்போது எதையாவது சப்பிக்கொண்டே தூங்குவாள். அந்த மஞ்சள் மூலையைச் சப்பினாள். நான் எடுக்கவில்லை. விசிறிக்கொண்டு பக்கத்தில் இருந்தேன். நீலாவதி அந்த நேரத்தில் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். போர்வையைப் பார்த்துவிட்டு, "அட, வந்துருச்சா அக்கா? அவிச்சாச்சா?" என்று கேட்டாள். அவிச்சாச்சு என்றேன்.

கப்பலுக்கு முந்தின நாள் உடம்பு சுட்டது. நான் நினைத்தபடியே சுட்டது. பன்னீர்செல்வம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "பல்லு முளைக்கிற காய்ச்சல்தான், ஒரு மாசம் பொறுங்க தம்பி" என்று சொல்லி அவருக்கு மோர் கொடுத்தேன். கப்பல் போயிற்று. அன்றைக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று எழுதினால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள்.

அடுத்த நாள் காலை பிள்ளையின் கழுத்து வீங்கியது. வாயைத் திறந்து பார்த்தேன். தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருந்தது, கடிதத்தில் பொன்னம்மா எழுதியிருந்த மாதிரியே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த டாக்டர் வயசு குறைந்தவர், பொறுமையாகக் கேட்டார்.

"வீட்டுல, சொந்தக்காரங்க வீட்டுல, யாருக்காவது தொண்டை நோவு இருந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க. தெரிஞ்சா இப்பவே வேற ஊசி போட்டுருவேன்."

"இல்ல டாக்டர் சாப்" என்றாள் நீலாவதி. அவளுக்குத் தெரியாது. நான் அவள் பக்கத்தில்தான் நின்றேன். சொன்னால் கடிதம் வெளியே வரும். கடிதம் வந்தால் பிள்ளையை இனி என் கையில் தருவார்களா? அதை நினைத்தேன். வாய் திறக்கவில்லை. சாதாரணக் காய்ச்சல் ஊசி போட்டார்கள். ராத்திரிக்குள் அவரே கண்டுபிடித்து அந்த வேறு ஊசியும் போட்டார். பிந்திவிட்டது. இரண்டாம் நாள் மத்தியானம் ஜெயமணி மூச்சுக்கு ஏங்கினாள். எல்லாரும் சுற்றி நின்றோம், யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. கடைசியாக என்னைப் பார்த்துத்தான் கையை நீட்டினாள். அம்மா என்று சொல்லப் பார்த்தாள், குரல் வரவில்லை. வாய் அசைந்ததை வைத்து எனக்குத் தெரியும்.

நான்தான் கொன்றேன். வேண்டியது அதுவல்ல, ஆனால் செய்தது நான்தான். இந்த வரியின் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

அப்புறம் திக்லிபூர்ச் சாவும் தெரிந்துபோயிற்று. பன்னீர்செல்வம் தன் அக்காள் பொன்னம்மாமேல் பாய்ந்தார். "நோவை மூட்டையாக் கட்டி அனுப்பிருக்கா. ஒரு வார்த்தை எழுதக்கூடாதா?" என்றார். கடிதம் போட்டேன் என்று அவள் சத்தியம் செய்தாள். கடிதம் எதுவும் வரவில்லை என்று நான் சொன்னேன், எல்லாரும் என்னைத்தான் நம்பினார்கள். பொன்னம்மா ஒரு வருஷமாக எங்கள் வீட்டு வாசல் மிதிக்கவில்லை. பாவம், இரண்டு பிள்ளைச் சாவை ஒருத்தி தலையில் சுமக்கிறாள். அவள் பழியைத் துடைக்கத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். ஒரு வருஷம் பொறுத்தவள் இந்த வாரம் ஏன் வந்தாள் என்று நினைத்திருப்பீர்கள்.

நீலாவதி இந்த ஒரு வருஷமும் என்னோடுதான் இருந்தாள். என் மடியில்தான் தலைவைத்து அழுதாள். அவளுக்கு இப்போது ஐந்தாம் மாதம். பன்னீர்செல்வத்துக்கு விருதுநகரில் ஒரு மில்லில் வேலை கிடைத்திருக்கிறது. வருகிற வியாழக்கிழமைக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு மலையாளத்துக்காரர் குறுப்பு ஓர் அடிதடியைப் பார்த்த பாவத்துக்குச் சாட்சியானார். கேஸ் முடியாமல் தீவைவிட்டுப் போகக் கூடாதென்று எட்டு மாதம் கப்பல் ஏற விடவில்லை. அவர் சம்சாரம் இங்கேயேதான் பெற்றாள். அதனால்தான் நேற்று உங்களிடம் கேட்டேன். இந்தக் கேஸில் பிள்ளையைப் பெற்றவர்கள் இரண்டுபேரும் சாட்சி, விசாரணை முடியும்வரை எங்கேயும் போக முடியாது என்று நீங்களே சொன்னீர்கள். அது இன்னும் மாறவில்லையே?

என்னை எங்கே வைப்பீர்களோ வையுங்கள், நான் எதிர்த்துப் பேச மாட்டேன். போர்வையைமட்டும் சாட்சிப் பொருள் என்று ஈரத் தரையில் போட்டுவிடாதீர்கள். சோடா போட்டு இரண்டு தடவை அவித்து, மூன்று வெயில் காயவைத்து, ஜெயமணியின் பாவாடைத் துண்டும் வைத்துத் தைத்திருக்கிறேன். மாசியில் பிள்ளை பிறந்ததும் ஒருதரம் என் மடியில் கொண்டுவந்து போடச் சொல்லுங்கள். நீலாவதி மறுக்க மாட்டாள், அவள் நல்லவள்.