சிலைக்கு வழியனுப்பு விழா

— இன்னும் மேல என்ன பண்றீங்க, தோக்கியேம்மா? துணியைக் கட்டியாச்சுன்னா இறங்குங்க. ஏணி ஆடுது.

— ஆடினா பிடிங்க, இசோபே ஐயா. தெருச் சங்கத் தலைவர்னு பேரு மட்டும் இருந்தா ஆச்சா?

— மெதுவா! ராணுவப் போலீஸ்காரர் இந்தப் பக்கமே பாக்கறாரு.

— பாக்கட்டும். குதிரை மேல உக்காந்திருக்கற பிரபுவுக்குத் தோள்ல வெள்ளைத்துணி கட்டறேன். அவங்க கேட்டதுதானே? நாளைக்கு உலையில போட்டுப் பீரங்கிக் குண்டாக்கப் போறாங்க. அதுக்குக் கொடி என்ன, கொட்டு என்ன! சண்டைக்குப் போற பையனுக்குப் பண்ற அத்தனையும் வெண்கலத்துக்கு!

— ஊர் ஊரா இப்படித்தான். கோயில் மணிக்கே பண்ணாங்க. நீங்க நாலு வார்த்தை சொன்னாப் போதும். எங்கே, ஒரு தடவை சொல்லிக் காட்டுங்க.

— "நாட்டுக்காகப் போற உனக்கு வாழ்த்துகள். வீட்டை நினைக்காதே. திரும்பி வரணும்னு நினைக்காதே."

— அவ்வளவுதான். அழாம சொல்லணும்.

— அழாமத்தான் சொன்னேன், அன்னிக்கு ரயிலடியில என் பையன்கிட்ட. பக்கத்துல நின்னு கொடி ஆட்டினது நீங்கதான்.

— அந்தப் பேச்சு இப்போ வேணாம்மா.

— வேற எப்போ? இத்தனை பொம்பளைங்க இருக்க, என்னை எதுக்கு மேல ஏத்தினீங்க?

— மகளிர் சங்கத்துல நீங்கதானே மூத்தவங்க.

— புளுகாதீங்க. இந்தச் சிலையோட மூஞ்சி யாருதுன்னு ஊருக்கே தெரியும். முன்னூறு வருஷத்துக்கு முன்னால செத்த பிரபு எப்படி இருந்தார்னு யார் கண்டா? டோஃபுக் கட்டி குடுக்கப் போன என் பையன் சேய்கிச்சியைப் பாத்து, "இந்த மூக்கு போதும்"னு சிலை செஞ்ச சிற்பி உக்கார வெச்சுட்டான். குதிரை மேல கூட இல்லை, கவுத்துப் போட்ட பீப்பாய் மேல.

— ஊரே கூடி நின்னு சிரிச்சோம்.

— அவன் சண்டையில செத்துட்டான்னு வந்த பெட்டியில என்ன இருந்துச்சுன்னு தெரியுமில்ல? அஸ்தின்னு சொல்லி, தலை குனிஞ்சு நீங்கதான் நீட்டினீங்க.

— தெரியும்.

— ஒரு கூழாங்கல்லு. அவன் மூஞ்சின்னு எனக்கு மிச்சம் இருக்கறது இந்தச் சிலை ஒண்ணுதான், ஐயா. தினம் ரேஷன் வரிசைக்குப் போறப்போ இந்தப் பூங்கா வழியாத்தான் சுத்திப் போவேன்.

— பாத்துப் பேசுங்க. "அரிசியெல்லாம் எங்கே போச்சு"ன்னு பொதுக் குளியல்கூடத்துல கேட்ட குடைக்காரன் இன்னும் வீடு திரும்பலை. ஒரு வார்த்தை மாறினா, உங்களோட என்னையும் சேத்து அள்ளிட்டுப் போவாங்க. வீட்ல மூணு பொண்ணுங்க எனக்கு.

— பயப்படாதீங்க. முடிச்சுப் போட்டாச்சு.

— கொட்டு நின்னுடுச்சு. ஆரம்பின்னு போலீஸ்காரர் கையைக் காட்டறாரு. சத்தமாச் சொல்லுங்க, எல்லாருக்கும் கேக்கணும்.

— கேக்கும். ஏணியை விட்டுட்டு, தள்ளிப் போய்க் கூட்டத்தோட நில்லுங்க.

— ஏன்? என்ன பண்ணப் போறீங்க? தோக்கியேம்மா!

— சேய்கிச்சி! அன்னிக்கு ஊருக்குப் பயந்து அம்மா பொய் சொல்லிட்டேன்டா! உனக்குத்தான் குதிரை இருக்கே, தட்டி விடுடா, வீட்டுக்கு ஓடி வந்துடு!