நாலாம் தொட்டியோட சிவப்பு வாளி

இல்ல டாக்டரம்மா, அந்தக் குளோரின் தண்ணியில காலை நனைச்சுட்டு உள்ள வாங்க. ஆமா, எட்டு மீன் தொட்டியும் காலி, இனிமே எதுக்குன்னு நானும்தான் கேக்கறேன். பதினோரு வருசப் பழக்கம், கால் தானாப் போய் நனையுது. இந்தக் கவுத்துன வாளி மேல உக்காருங்க. டீ ஊத்தறேன். சீனி அவ்வளவுதானா? எங்க கல்தேரா ஊர்ல இதை வெந்நின்னு சொல்லுவோம்.

அறிக்கை எழுதத்தானே வந்தீங்க? குஞ்சுங்க செத்த பழியை ஒசியேல் மேலதானே எழுதப்போறீங்க? மறைக்காதீங்க, ஊருக்கே தெரியும். ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு நிறத்துல வாளி, அதே நிறத்துல வலை. ஒண்ணோட தண்ணி இன்னொண்ணுல ஒரு சொட்டு படக்கூடாது. நாலாம் தொட்டியோட சிவப்பு வாளி ஏழாம் தொட்டிகிட்ட கிடந்துச்சு. தரை கழுவுறவன் அவன், அப்புறம் யாரைச் சொல்லுவாங்க? மூணு பிள்ளைக்காரன். எதுத்துப் பேசவும் தெரியாது பாவம்.

நாலாம் தொட்டியில சீக்கை மொதல்ல பார்த்தது நான்தான். பொரிச்சுப் பதினெட்டாம் நாள். கொர்வினா மீன் குஞ்சுங்க, கண்ணிமை மயிரு அளவுதான் இருக்கும். மொத நாள் கும்மாளம் போட்டதுங்க, மறுநாள் ஒரே எடத்துல சுத்திச் சுத்தி நீந்துதுங்க. சாயங்காலத்துக்குள்ள வெளிறிப்போய், அடியில மாவு மாதிரி படிஞ்சிருச்சு. நீங்க அந்தக் கிருமிக்குப் பெருசா ஒரு பேரு வெச்சிருப்பீங்க. எங்களுக்குச் சீக்குதான். வந்தா அந்தத் தொட்டியையே முடிச்சிரணும். வளர்த்தவ கையாலதான் குளோரின் ஊத்தணும், இங்க அப்படித்தான்.

வீட்டுலயா? யாரு இருக்கா? என் வீட்டுக்காரர் நோல்பெர்த்தோ போய்ச் சேர்ந்து ஆறு வருசமாச்சு. பொண்ணு தூரத்துல, அந்தோஃபகாஸ்தா பட்டணத்துல. பண்ணுவா, பண்ணுவா, அன்னையர் தினத்தன்னைக்கு ஃபோன் பண்ணுவா. ஒத்தையில உக்காந்தா ரொட்டி தொண்டையில இறங்க மாட்டேங்குதும்மா. அதான் லீவு நாள்லகூட மதியம் இங்க வந்துருவேன். குஞ்சுங்களுக்குத் தீனி போட்டுட்டு, பக்கத்துலயே உக்காந்து நானும் சாப்பிடுவேன். சிரிக்காதீங்க. அதுங்க தின்னா தெரியும். உடம்பு கண்ணாடிதானே, வயித்துல ஆரஞ்சு நிறத்துல ஒரு புள்ளி விழும். ஆயிரமாயிரம் புள்ளி. கல்யாணப் பந்தியில உக்காந்த மாதிரி இருக்கும் எனக்கு.

குளோரின் ஊத்தினேன் டாக்டரம்மா. ஊத்தலைன்னு யாரும் சொல்ல முடியாது.

ஓரமா, மேலாப்புல, ஒரு நூறு குஞ்சு இருக்கும். அடியில மத்ததெல்லாம் செத்துக் கிடக்கு, இதுங்க மட்டும் தின்னுட்டிருக்குதுங்க. வயித்துல அந்தப் புள்ளி. சாப்பிடுறவங்களை எப்படிம்மா பாதியில எழுப்புறது? நல்லாத்தானே இருக்கு, பொழைச்சுக்கும்னு சிவப்பு வாளியில மொண்டு ஏழாம் தொட்டியில விட்டுட்டேன். அப்புறம்தான் குளோரினை எடுத்தேன். மூணு நாள்ல ஏழாம் தொட்டி போச்சு. அங்கேருந்து மத்ததெல்லாம்.

ஒசியேலைத் திட்டுனப்பவே சொல்லியிருக்கணும். இந்த வேலையும் போச்சுன்னா மதியச் சாப்பாட்டுக்கு எங்க போவேன்னு வாயை மூடிக்கிட்டேன். பாவி.

அவன் பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதுங்க. இஸ்மேனியா. எழுதிட்டீங்களா? சரி.

அட, எந்திரிக்காதீங்க. டீ ஆறிப்போச்சு, வேற ஊத்தறேன். பையில ரொட்டி இருக்கு, அவகாடோ தடவினது. ரெண்டு பேருக்குக் காணும். தின்னு முடிக்கிற வரைக்குமாவது இருந்துட்டுப் போங்களேன்.